அமெரிக்க மருத்துவமனைகளில் பார்வையாளர் பயிற்சி: புறப்படும் முன் நம் இளம் மருத்துவர்கள் அறிய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்த நான், இப்போது அமெரிக்காவில் ஒரு போதனா மருத்துவமனையின் பொது மருத்துவத் துறையில் பணியாற்றி வருகிறேன். ஆண்டுதோறும் கோடை மாதங்களில் இந்தியாவிலிருந்தும், குறிப்பாக நம் மாநிலத்திலிருந்தும், 'அப்சர்வர்ஷிப்' எனப்படும் பார்வையாளர் பயிற்சிக்காக இளம் மருத்துவர்கள் எங்கள் துறைக்கு வருகிறார்கள். அவர்களுடைய படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இங்கே தாங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, ஒரு நாள் எப்படிப் போகும் என்பதையெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. பெற்றோர் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் அனுப்பி வைக்கும் சில வாரப் பயணத்தில் பாதி, திகைப்பிலேயே கழிந்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இக்கடிதம்.

இந்தப் பயிற்சி எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க விரும்பும் வெளிநாட்டுப் பட்டதாரி, யூ.எஸ்.எம்.எல்.இ. என்னும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதற்படியையும் இரண்டாம் படியையும் தேறி, ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றி, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்றிதழ் பெற்றால்தான் ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சியில் சேர முடியும். முதற்படித் தேர்வில் 2022 ஜனவரிக்குப் பிறகு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே தெரிவிக்கப்படுகிறது. நோயாளியாக நடிப்பவரைப் பரிசோதித்துக் காட்ட வேண்டியிருந்த செய்முறைத் தேர்வும், கொரோனா காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2021-ல் முற்றிலும் கைவிடப்பட்டது. எனவே இரண்டாம் படித் தேர்வின் மதிப்பெண்ணும், அமெரிக்க மருத்துவர்கள் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதங்களும் முன்னைவிடக் கனமாகிவிட்டன. ஒருவரை நேரில் பார்த்துப் பழகாத மருத்துவர் அவரைப் பற்றி என்ன எழுத முடியும்? அந்தப் பழக்கத்துக்கான வாய்ப்புதான் இந்தப் பயிற்சி. இதனால் ரெசிடென்சி இடம் உறுதியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில், அண்மை ஆண்டுகளில், பத்தில் ஏறத்தாழ ஆறு பேருக்குத்தான் இடம் கிடைத்து வருகிறது.

இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டம் பெறுவதற்கு முன் மாணவராகவே வந்து, மேற்பார்வையின்கீழ் நோயாளிகளைப் பரிசோதிக்கவும் அனுமதிக்கும் 'எலெக்டிவ்' பயிற்சியைச் சில மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்குகின்றன. பட்டம் கையில் வந்ததும் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். வாய்ப்பும் வசதியும் உள்ளவர்கள் இறுதி ஆண்டிலேயே அதற்கு முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டம் பெற்று வருபவருக்கு இங்கே உள்ள முதல் விதி, நோயாளியைத் தொடக் கூடாது என்பது. நோய் வரலாறு கேட்கக் கூடாது; நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கக் கூடாது; மருந்துச் சீட்டிலோ கணினிப் பதிவேட்டிலோ ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு இரவும் பகலும் உழைத்து, நூற்றுக்கணக்கானோருக்கு ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, விபத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குத் தையல் போட்டுப் பழகிய கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். தங்கள் திறமையை நம்பவில்லை என்று சிலர் மனம் வாடுகிறார்கள். திறமைக்கும் இந்த விதிக்கும் தொடர்பே இல்லை. இந்த நாட்டில் மருத்துவ உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. உரிமமோ பயிற்சி அனுமதியோ இல்லாதவர் நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பது சட்டப்படி குற்றம்; மருத்துவமனையின் காப்பீடும் அதற்குப் பொறுப்பேற்காது. உலகப் புகழ் பெற்ற அறுவை நிபுணர் ஒருவர் வேறொரு நாட்டிலிருந்து வந்தாலும் அவருக்கும் இதே விதிதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தரும் இடைத்தரகு நிறுவனங்கள் பெருகிவிட்டன. அவற்றுள் நேர்மையானவையும் உண்டு. ஆனால், "எங்களிடம் வந்தால் நோயாளியை நீங்களே பரிசோதிக்கலாம், கடிதமும் உறுதி" என்று விளம்பரம் செய்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உங்களைப் பார்ப்பதற்கு முன்பே உறுதியளிக்கப்படும் கடிதத்துக்குத் தேர்வுக் குழுவினர் என்ன மதிப்புக் கொடுப்பார்கள்? பார்வையாளர் விசாவில் வந்தவர் நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை அளித்தால் விசாவின் நிபந்தனையையே மீறியவர் ஆகிறார். பிற்காலத்தில் ரெசிடென்சி விசாவுக்காக மீண்டும் தூதரகத்தின் முன் நிற்கும்போது அந்த மீறல் எதிரே வந்து நிற்கும். அதே பணத்தைச் செலவழிப்பதானால், ரெசிடென்சி நடக்கும் போதனா மருத்துவமனை முறையாக நடத்தும் திட்டத்தில் சேருவது நல்லது. தனியார் கிளினிக்கில் பெறும் கடிதத்தைவிட, ரெசிடென்ட்களை நாள்தோறும் மதிப்பிட்டுப் பழகிய பேராசிரியரின் கடிதம் பொதுவாக அதிகம் பேசும். 1982-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கத்தையும், நம் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்களையும் அணுகலாம். நேரடியாக எழுதும்போது பத்து வரிக்கு மேற்படாத மின்னஞ்சலும், ஒழுங்கான தற்குறிப்பும் போதும். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

விசாவைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்வதே வழி. நோயாளிக்குச் சிகிச்சை அளிக்காமல், அமெரிக்காவில் ஊதியம் எதுவும் பெறாமல், இங்குள்ள மருத்துவ நடைமுறையைப் பார்க்கவும் சக மருத்துவர்களுடன் கலந்துரையாடவும் வரும் மருத்துவருக்கு பி-1 வகை பொருந்தும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் கையேட்டிலேயே இருக்கிறது. மருத்துவமனையின் அழைப்புக் கடிதத்தோடு சென்னைத் துணைத் தூதரகத்துக்குச் செல்பவர், சுற்றுலா போகிறேன் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு, விமான நிலைய அதிகாரி பையைத் திறக்கும்போது வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வெளியே வந்தால் விளக்கம் சொல்வது கடினம்.

விசாவைவிட அதிகம் பேரைத் தடுமாற வைப்பது மருத்துவமனை கேட்கும் தடுப்பூசிச் சான்று. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதை, தடுப்பூசி போட்ட தேதிகளைக் கொண்டோ இரத்தப் பரிசோதனையைக் கொண்டோ காட்ட வேண்டும். ஹெபடைடிஸ்-பி ஊசி போட்டிருந்தால் மட்டும் போதாது; அது பலித்திருக்கிறதா என்பதற்கு எதிர்ப்பொருளின் அளவையும் கேட்பார்கள். அந்த ஊசியை முதலிலிருந்து தொடங்க நேர்ந்தால் வழக்கமான மூன்று தவணைகள் முடிய ஆறு மாதமாகும். குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நமக்குக் காசநோய்க்கான தோல் பரிசோதனை, நோய்த்தொற்று இல்லாமலேயே வீக்கம் காட்டக்கூடும். ஆகவே 'இக்ரா' என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு வருவது நல்லது. அதிலும் தொற்று தெரிந்தால் மார்பு எக்ஸ்ரேயும் மருத்துவர் கடிதமும் வேண்டும். இவற்றையெல்லாம் பயணத்துக்கு முந்தைய மாதம் தொடங்குபவர்கள், தேதி கிடைத்தும் வர முடியாமல் போகிறார்கள். தங்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொள்ளட்டும். இங்கே குடல்வால் அழற்சிக்கு ஓர் இரவு தங்க நேர்ந்தாலும் குடும்பம் தாங்காது.

இனி, வார்டில் ஒரு நாள். காலை ஏழு மணிக்கு முன்பே அன்றைய வேலை தொடங்கிவிடும். இரவுப் பணியில் இருந்தவர்கள் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் காலைக் குழுவிடம் ஒப்படைப்பார்கள். அதன்பின் இன்டர்ன்கள் எனப்படும் முதலாண்டு ரெசிடென்ட்கள் தனித்தனியே நோயாளிகளைப் பார்த்து வருவார்கள். அட்டெண்டிங் எனப்படும் பொறுப்பு மருத்துவர் வந்ததும் ரவுண்ட்ஸ். நம் ஊரில் தலைமைப் பேராசிரியர் முன்னே செல்ல, யூனிட் முழுவதும் பின்னே செல்லும் ரவுண்ட்ஸைப் பழகியவர்களுக்கு இங்கே முதலில் கண்ணில் படுவது, குழுவில் மருத்துவர் அல்லாதோருக்கு இருக்கும் குரல்தான். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு இந்த ஆன்டிபயாடிக்கின் அளவு அதிகம் என்று மருந்தாளுநர் எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். அட்டெண்டிங் நன்றி சொல்லி அங்கேயே திருத்துவார். நோயாளி இரவில் தூங்கவில்லை, அவர் இன்று வீட்டுக்குப் போகும் நிலையில் இல்லை என்று செவிலியர் மறுத்துப் பேசுவார். வீட்டில் மாடிப்படி இருக்கிறதா, மருந்து வாங்கப் பணம் இருக்கிறதா என்று சமூகப் பணியாளர் விசாரித்து வைத்திருப்பார். "எனக்குத் தெரியவில்லை, படித்துவிட்டு மாலையில் சொல்கிறேன்" என்று மூத்த ரெசிடென்ட் தயங்காமல் சொல்வதையும் காணலாம். இதைப் பார்ப்பதற்கென்றே வரலாம் என்பேன்.

நோயாளியின் அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைகளைச் சுத்தப்படுத்த வேண்டும். கதவில் தொற்றுத் தடுப்பு அட்டை தொங்கினால், பார்க்க மட்டுமே செல்பவரும் கவுனும் கையுறையும் அணிய வேண்டும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவின் தொற்றுள்ள அறையிலிருந்து வெளியே வந்தால் சோப்பும் தண்ணீரும்தான். ஆல்கஹால் திரவம் அதன் வித்துகளைக் கொல்லாது. பொறுப்பு மருத்துவர் உங்களை இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பார்வையாளர் என்று அறிமுகப்படுத்தி, நீங்கள் உடன் இருக்கலாமா என்று நோயாளியிடம் கேட்பார். அவர் வேண்டாம் என்றால் முகம் கோணாமல் வெளியே வந்துவிட வேண்டும். காரணம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

நம்மவர்களை மிகவும் உலுக்குவது, நோயாளியிடமே நேராகச் சொல்லும் வழக்கம். புற்றுநோய் என்று தெரிந்தால், நம் ஊரில் மகனையோ மருமகனையோ வராந்தாவுக்கு அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்வோம்; அவர்களும், "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்" என்று கெஞ்சுவார்கள். இங்கே மருத்துவர் படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உடன் யார் இருக்கலாம் என்று நோயாளியையே கேட்டுவிட்டு, அவரிடமே சொல்கிறார். இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்திச் செயற்கை சுவாசம் கொடுக்கலாமா, வேண்டாமா என்றும் அனுமதிக்கும்போதே அவரைக் கேட்கிறார்கள். தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யவும், முடிவை முன்கூட்டியே எழுதி வைக்கவும் நோயாளிக்குள்ள உரிமையை மருத்துவமனை தெரிவித்தாக வேண்டும் என்று 1990-ல் கூட்டரசுச் சட்டமே வந்துவிட்டது. நம் குடும்ப அமைப்பில் இதை அப்படியே நட்டுவிட முடியாது என்பதை நான் அறிவேன். ஆயினும் தன் உடலில் நடப்பது தனக்கே தெரியாமல் இறந்துபோகும் முதியவர்களை நம் வார்டுகளில் பார்த்திருக்கும் எவரும், இந்த உரையாடல்களைக் கவனித்துக் கேட்டால் ஊருக்குத் திரும்பிய பின்னும் பயன்படும்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகனையோ மகளையோ பார்க்க வந்த இடத்தில் நோயுற்றுப் படுக்கும் தமிழ்ப் பெற்றோரை இங்குள்ள வார்டுகளில் அவ்வப்போது காண்கிறோம். ஆங்கிலம் தெரியாமல் விழிக்கும் ஓர் அம்மாவைப் பார்த்ததும், பார்வையாளராக நிற்கும் தமிழ் மருத்துவருக்கு மொழிபெயர்க்க வாய் துடிக்கும். ஆனால் நோய், மருந்து, ஒப்புதல் பற்றிய பேச்சுக்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலோ திரையிலோ வரவழைக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. மகனே பக்கத்தில் இருந்தாலும் அவரை நம்பி விடுவதில்லை. "சாப்பிட்டீங்களா அம்மா, எந்த ஊரு?" என்று அனுமதியோடு ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த அம்மாவுக்கு அதுவே பெரிய தெம்பு.

நோயாளியின் தகவல்களைக் காப்பதற்கு 1996-ல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தைப் பற்றி முதல் நாளே பாடம் எடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். எக்ஸ்ரேயைக் கைப்பேசியில் படம் எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்னவென்று சொல்லுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. இங்கே அதைச் செய்தால் அன்றே பயிற்சி முடிந்துவிடும். உங்களை ஏற்றுக்கொண்ட மருத்துவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குறிப்பேட்டில் நோயாளியின் பெயரையோ பிறந்த தேதியையோ எழுதக் கூடாது. மின்தூக்கியில் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது. கணினிப் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதி பெரும்பாலும் தரப்படுவதில்லை. ரெசிடென்ட் தம் கணக்கில் நுழைந்து வைத்திருக்கும் திரையை நீங்களாகத் தொடவும் கூடாது. யார் எந்தப் பக்கத்தை எப்போது திறந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும்.

தொடவும் எழுதவும் முடியாதவர் தம்மை எப்படி வெளிப்படுத்துவது என்று கேட்பார்கள். வழி இருக்கிறது. மரியாதை கருதிப் பின்வரிசையில் வாய் திறவாமல் நிற்பது நம் பண்பு. இங்கே அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோயாளி முன்னிலையில் கேட்க வேண்டாம். அறையைவிட்டு வெளியே வந்ததும் நடைவழியில் கேளுங்கள். ஒரு நாளைக்கு யோசித்துக் கேட்ட இரண்டு கேள்விகள் போதும். நேற்று விவாதித்த நோயைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இன்று படித்து வந்து, அனுமதி பெற்று, ஐந்து நிமிடம் குழுவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பாராசிட்டமாலை இங்கே அசிடமினோஃபென் என்பார்கள், சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்பார்கள், அட்ரினலினை எபிநெஃப்ரின் என்பார்கள். இந்தப் பெயர்களைப் பழகிக்கொண்டு வந்தால் பேச்சைத் தொடர்வது எளிது. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ், பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம் என்று நம் ஹவுஸ் சர்ஜன் ஓராண்டில் பார்ப்பதை இங்குள்ள ரெசிடென்ட்களில் பலர் பாடநூலில் மட்டுமே படித்திருக்கிறார்கள். பயணம் செய்து காய்ச்சலோடு வரும் நோயாளியைப் பற்றிப் பேச்சு எழும்போது நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அறையே காது கொடுத்துக் கேட்கும்.

பரிந்துரைக் கடிதத்தை முதல் வாரத்தில் கேட்காதீர்கள். பயிற்சி முடியும் தறுவாயில், "என்னைப் பற்றி வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என்னை அறிந்திருக்கிறீர்களா?" என்று கேட்பது முறை. தயங்கினால் விட்டுவிடுங்கள், அரைமனதோடு எழுதிய கடிதம் தீங்கே செய்யும். கடிதத்தை எழுதியவரே, ரெசிடென்சி விண்ணப்பங்களுக்கான இ.ஆர்.ஏ.எஸ். இணையவாசலில் நேராக ஏற்றுவார். அதைப் பார்க்கும் உரிமையை விண்ணப்பதாரர் விட்டுக்கொடுப்பதே வழக்கம். ஒரு பயிற்சித் திட்டத்துக்கு நான்கு கடிதங்கள் வரை இணைக்கலாம். செப்டம்பரில் விண்ணப்பங்கள் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எல்லா இடங்களிலும் நெரிசல். ஜூலை முதல் நாளையொட்டிப் புதிய இன்டர்ன்கள் பணியில் சேர்வதால் அந்த மாதத்தில் குழுவுக்கு உங்களைக் கவனிக்க நேரம் குறைவு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருபவர்களுக்குக் கூடுதல் கவனம் கிடைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு வருபவர்களில் பெரும்பாலோர், அமெரிக்காவில் ஏற்கெனவே உறவினரோ மருத்துவ நண்பரோ உள்ள குடும்பத்துப் பிள்ளைகள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக அரசுக் கல்லூரியில் படித்து வருபவருக்குச் சொல்ல ஆளில்லை. அவர்தான் தரகரிடம் சிக்குகிறார். எனவே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் தங்கள் இதழின் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி தொடங்கும்போதே, வெளிநாட்டுப் பயிற்சியின் விதிகளையும் தரகர்களைப் பற்றிய எச்சரிக்கையையும், அங்கே பயின்று வந்தவர்களைக் கொண்டு ஒரு நாள் வகுப்பாக நடத்த வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் காணொளியில் பேச ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்து, முதலாம் ஆண்டில் சேரும்போதே ஒவ்வொரு மாணவருக்கும் தடுப்பூசிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, ஹெபடைடிஸ்-பி எதிர்ப்பொருள் அளவையும் சோதித்துப் பதிந்து, பயிற்சி நிறைவுச் சான்றிதழோடு கல்லூரியின் முத்திரையிட்டு வழங்க வேண்டும். வெளிநாடு செல்லாமல் நம் மாநிலத்திலேயே அரசு மருத்துவமனைகளில் ஊசியோடும் இரத்தத்தோடும் நாள்தோறும் பணியாற்றப் போகும் பெரும்பான்மை மாணவர்களுக்கும் அந்தச் சோதனை தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி முன்னாள் மாணவர்,
பொது மருத்துவர், அமெரிக்கா